மாலை ஆறு முதல் பத்து வரை: நாகர்கோவில் – சென்னை ரயில் பெட்டிகள், ஒரு மதிப்புரை

ஒரு ரயில் பெட்டியின் தரம் தெரிய வேண்டுமென்றால் மாலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் நடுவில் அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் நாகர்கோவில் சந்திப்பை விடுவது ஏறக்குறைய ஆறு மணிக்கு. நடு பெர்த்தை விரிக்க விதிப்படி நேரம் வருவது பத்துக்கு. அந்த நாலு மணி நேரமும் படுப்பதற்கென்று செய்த பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வந்தே பாரத்தில் நிலைமை தலைகீழ். உட்காருவதற்கென்று செய்த சீட்டில் விடிகாலை ஐந்து முதல் ஏழு வரையும், மறுவழியில் இரவு ஒன்பதுக்கு மேலும் தூங்கியாக வேண்டும். தன் சொந்த வேலையை இரண்டுமே ஒழுங்காகச் செய்கின்றன. மற்றதன் வேலையைச் செய்யப் போகும்போதுதான் நம் முதுகும் கழுத்தும் கணக்குக் கேட்கின்றன.

திருவனந்தபுரம் – கன்னியாகுமரி பாதை திறந்தது 1979 ஏப்ரலில். திருநெல்வேலி – நாகர்கோவில் பாதை 1981 ஏப்ரலில். அன்றிலிருந்து குமரி மாவட்டத்துக்காரருக்குச் சென்னைப் பயணம் என்றாலே ராத்திரிப் பயணம்தான். பகலில் போகக் குருவாயூர் எக்ஸ்பிரஸ் உண்டு. ஆனால் அதுவும் படுக்கைப் பெட்டிகளோடு ஓடும் வண்டி, பகல் முழுக்க பெர்த்தில் குந்தியிருக்கும் பயணம். பகலுக்கென்றே செய்த பெட்டி சென்னைக்கு நேராக, நிரந்தரமாகக் கிடைத்தது 2024 ஆகஸ்ட் 31-ல், எழும்பூர் – நாகர்கோவில் வந்தே பாரத் தொடங்கியபோது.

அதிலிருந்தே தொடங்கலாம். சாதாரண வகுப்பான சேர் காரில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என வரிசைக்கு ஐந்து சீட்டு. பெட்டிக்கு 78 பேர். பெட்டியின் வெளி அகலமே சுமார் 3.24 மீட்டர்தான். அதில் இரண்டு சுவரும் நடைபாதையும் போக மிஞ்சுவதை ஐந்து தோள்கள் பங்கிட வேண்டும். மதுரை வரை போகிறவருக்கு இது பொருட்டில்லை. முழுத்தூரமும் போகிறவருக்கு, ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பயணத்தில், மூன்று சீட்டு வரிசையின் நடு இடம்தான் பெட்டியிலேயே மோசமான இடம். கைப்பிடி இரண்டு பக்கமும் பகிர்வு. எழுந்து போக ஒருவரை எழுப்ப வேண்டும், ஜன்னலும் இல்லை. இரண்டு பேராகப் போனால் இரண்டு சீட்டு பக்கத்தையே கேளுங்கள். மூன்று பேர் குடும்பமாகப் போனால் பிரச்சினையே இல்லை, பிள்ளையை நடுவில் போட்டுவிடலாம்.

சீட்டின் முதுகுச் சாய்வு பற்றி நிறையப் பேச்சு உண்டு. 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய முதல் வந்தே பாரத்தின் சேர் காரில் முதுகு சாயவே சாயாது. அடிமெத்தைதான் முன்னால் நகரும். 2022-ல் வந்த இரண்டாம் வடிவத்தில் முதுகு சாய்ந்தது. 2023-ல் செய்த மாற்றங்களில் சாய்வுக் கோணத்தை 17.31 டிகிரியிலிருந்து 19.37 டிகிரியாக்கினார்கள்; மெத்தையின் கெட்டித்தனத்தையும் திருத்தினார்கள். இரண்டு டிகிரி என்பது காகிதத்தில்தான் பெரிதாகத் தெரியும். உட்கார்ந்தவர் உண்மையில் உணர்வது மெத்தை மாற்றத்தைத்தான். மெத்தை ரொம்ப மென்மையாக இருந்தால் முதல் அரைமணி சுகமாக இருக்கும். அப்புறம் இடுப்பு கீழே அமிழ்ந்து, அடிமுதுகுக்குத் தாங்கல் இல்லாமல் போகும். கொஞ்சம் கெட்டியான மெத்தை முதலில் முறைத்தாலும் திருச்சி தாண்டிய பிறகு அதன் அருமை தெரியும்.

தூக்கத்துக்கு இந்தச் சாய்வு போதாது. தலை பின்னால் நிற்க வேண்டுமென்றால் உடல் நன்றாகச் சரிய வேண்டும். இருபது டிகிரிக்குள் சாய்ந்த சீட்டில் கண் அசந்ததும் கழுத்துத் தசை தளர்ந்து தலை முன்னுக்கோ பக்கத்துக்கோ விழும், ஆள் திடுக்கிட்டு விழிப்பார். எழும்பூரிலிருந்து விடிகாலை ஐந்து மணி வண்டியைப் பிடிக்க மூன்றரைக்கே எழுந்தவருக்கு விழுப்புரம் வரை இந்த ஆட்டம்தான். கழுத்துக்கு வைக்கும் வளைவுத் தலையணையைப் பின்கழுத்தில் போடுவதுதான் வழக்கம். தாடைக்குக் கீழே முன்பக்கமாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், தலை முன்னுக்கு விழுவது நிற்கும். தலையணை இல்லையென்றால் ஒரு துவர்த்தைச் (துண்டை) சுருட்டி அடிமுதுகுக்கு வைத்தாலே பாதி வலி குறையும்.

குட்டையானவர்களுக்கு இன்னொரு சங்கடம், கால் தரையில் பாவாது. கால் தொங்கினால் தொடையின் பின்பக்கம் சீட்டு விளிம்பில் அழுந்தி மரத்துப்போகும். கைப்பையைக் காலடியில் வைத்து அதன்மேல் பாதத்தை வையுங்கள். விலை உயர்ந்த எக்சிகியூட்டிவ் வகுப்பில் கால்தாங்கி உண்டு. அங்கே வரிசைக்கு நாலு பேர், பெட்டிக்கு 52 சீட்டு, வண்டி போகும் திசைக்குச் சீட்டை முழுதாகத் திருப்பிக்கொள்ளலாம். சேர் காரில் சீட்டு திரும்பாது. பாதிப் பேர் வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலோருக்கு இது ஒன்றும் செய்யாது. பஸ்ஸில் வாந்தி எடுக்கும் ஆள் என்றால் மட்டும் வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தொலைவில் பார்வையை வைத்தால் போதும்.

ஜன்னல் பற்றி ஒரு கணக்கு. சென்னையிலிருந்து காலையில் தெற்கே வரும்போது சூரியன் கிழக்கே, அதாவது இடப்பக்கம். நாகர்கோவிலிலிருந்து பிற்பகல் வடக்கே போகும்போது சூரியன் மேற்கே, அதுவும் இடப்பக்கமே. ஆக இரண்டு வழியிலும் வெயில் விழுவது வண்டி போகும் திசைக்கு இடக்கைப் பக்கத்து ஜன்னலில். குளிர்சாதனம் ஓடினாலும் கண்ணாடி சூடேறி, ஜன்னலோரத் தோள் மட்டும் தனியாக வேகும். திரையை இறக்கினால் வெளியே பார்க்க முடியாது. வெயில் ஆகாதவர் வலப்பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் நாகர்கோவிலிலிருந்து கிளம்பும்போது மேற்குத் தொடர்ச்சி மலை நெருங்கி நிற்பதும் அந்த இடப்பக்கம்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தல் காற்றாலைகளும் பார்க்க ஆசைப்பட்டால் திருநெல்வேலி வரை வெயிலைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று: கண்ணாடி வெளியிலிருந்து பார்க்க நீளமாக ஒரே பட்டையாகத் தெரிந்தாலும் உள்ளே இடையிடையே தூண் உண்டு. 'ஜன்னல் சீட்டு' என்று காசு கொடுத்து வாங்கி, தூணைப் பார்த்து உட்கார்ந்தவர்கள் பலர். சீட்டு வரிசையின் இடைவெளியும் ஜன்னலின் இடைவெளியும் ஒத்துப் போகாததால் வரும் கோளாறு இது. வடிவமைக்கும் மேசையிலேயே தீர்த்திருக்க வேண்டியது.

மற்றபடி வந்தே பாரத்தில் குலுக்கல் குறைவு. தனி எஞ்சின் இழுக்கும் வண்டியில் நகரும்போதும் நிற்கும்போதும் பெட்டிக்குப் பெட்டி ஒரு இழுப்பு ஓடும். இங்கே பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்கள் பரவியிருப்பதாலும், பெட்டிகள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டியிருப்பதாலும், மடியிலிருக்கும் சாம்பார் கிண்ணம் மடியிலேயே இருக்கும். கழிப்பறையில் காற்றுறிஞ்சு முறை. நாற்றம் மிகக் குறைவு. முந்தைய வண்டிகளில் கைகழுவும் தொட்டி ஆழமில்லாமல் தண்ணீர் சட்டையில் தெறித்தது. 2023 மாற்றத்தில் அதை ஆழமாக்கினார்கள், கழிப்பறை விளக்கையும் 1.5 வாட்டிலிருந்து 2.5 வாட்டுக்கு உயர்த்தினார்கள். சின்னச் சங்கதிதான், ஆனால் வயதானவருக்கு ஓடும் வண்டியில் ஈரத் தரை கண்ணில் படுவது பெரிய விஷயம்.

சாமான் வைக்கும் தட்டு நம் ஊர்க்காரருக்குப் பத்தாது. தோளில் மாட்டும் பைக்கும் நடுத்தரப் பெட்டிக்கும் தட்டு சரி. ஒரு மட்டி வாழைக்குலை, நேந்திரங்காய் வற்றல் டின், தேங்காய் பாதிச் சாக்கு என்று கிளம்பினால் இடம் தேடி நடைபாதையில் நிற்க வேண்டிவரும். படுக்கைப் பெட்டியில் கீழ் பெர்த்துக்கு அடியில் இருக்கும் தாராளம் இங்கே இல்லை. பலாப்பழமும் கருவாடும் எடுத்துப் போகிறவர்கள் இரண்டு உறை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். மூடிய பெட்டியில் உள்ளிருக்கும் காற்றே பெரும்பாலும் சுற்றிச் சுற்றி வரும். சின்னமுட்டத்துக் கருவாட்டை 78 பேரும் பகிர்ந்துகொள்வார்கள். வழியனுப்ப வந்தவர்கள் உள்ளே ஏறி சாமான் அடுக்கிக்கொண்டு நிற்கவும் கூடாது. கதவு தானாக மூடும், மூடிய கதவைக் கையால் திறக்க முடியாது. நாகர்கோவிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் திருநெல்வேலி.

சேர் காருக்கு நம் மதிப்பு: காலை ஏழு முதல் இரவு எட்டு வரை மிக நல்ல பெட்டி. இரவில் கூரை விளக்குகள் பளீரென்று எரிந்துகொண்டே இருப்பது பெரிய குறை. விழுப்புரம் தாண்டி எல்லோரும் துவண்டு கிடக்கும் நேரத்தில் வெளிச்சத்தைப் பாதியாக்கினால் செலவு ஒன்றுமில்லை, படிக்கிறவருக்குத் தலைக்குமேல் தனி விளக்கு இருக்கவே இருக்கிறது. அதுவரை கண்மூடித் துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி படுக்கை. முதலில் உங்களுக்கு வரப்போவது எந்தப் பெட்டி என்று தெரிய வேண்டும். படுக்கை வகுப்பில் பெர்த் எண் 80 வரை போனால் அது எல்.எச்.பி. எனும் புதிய வடிவம், 72-இல் நின்றால் பழைய ஐ.சி.எஃப். வடிவம். 3ஏசியில், அதாவது மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பில், 72 வரை என்றால் எல்.எச்.பி., 64 என்றால் பழையது. பெரம்பூர் ஆலை பழைய வடிவத்தைச் செய்வதை 2018-லேயே நிறுத்திவிட்டது. ஓடிக்கொண்டிருப்பவை ஆயுள் முடியும் வரை ஓடும். எல்.எச்.பி. பெட்டி இரண்டு மீட்டருக்கு மேல் நீளம் கூடியது, துருப்பிடிக்காத எஃகு உடல். கடற்காற்று அடிக்கும் நம் பக்கத்துக்கு எஃகு நல்லது. உள்ளேயிருக்கும் கொக்கி, தாழ்ப்பாள், சங்கிலிக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

எண்ணைப் பார்த்ததும் பெர்த்தைச் சொல்லும் வாய்ப்பாடு எளிது. படுக்கை வகுப்பிலும் 3ஏசியிலும் பெர்த் எண்ணை எட்டால் வகுங்கள். மீதி 1, 4 என்றால் கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 பக்கவாட்டுக் கீழ். மீதியில்லை என்றால் பக்கவாட்டு மேல். 2ஏசியில் ஆறால் வகுக்க வேண்டும்: 1, 3 கீழ்; 2, 4 மேல்; 5 பக்கவாட்டுக் கீழ்; மீதியில்லாதது பக்கவாட்டு மேல். எண் சின்னதாகவோ ரொம்பப் பெரிதாகவோ இருந்தால் பெட்டியின் ஓரம் என்று அர்த்தம். ஓரத்தில் கழிப்பறைக் கதவு ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டிருக்கும், வெளிச்சம் வரும், வாடையும் வரும்; அதோடு சக்கரத் தொகுதி அடியிலேயே இருப்பதால் ஆட்டமும் கூடுதல். இரண்டு சக்கரத் தொகுதிக்கும் நட்டநடுவே, அதாவது 80 பெர்த் பெட்டியில் 33 முதல் 48 வரையிலான எண்களில், பெட்டி மிக அமைதியாக ஓடும். தூக்கம் முக்கியம் என்றால் கீழ் பெர்த்தா மேல் பெர்த்தா என்பதைவிட இது முக்கியம்.

மாலை ஆறு மணிக் கதைக்கு வருவோம். கீழ் பெர்த் படுக்கும்போது சுமார் இரண்டடி அகலம். படுக்க அந்த அகலம் வேண்டும். உட்கார அது அதிகம். முதுகை ஒட்ட உட்கார்ந்தால் குட்டையானவருக்கு முழங்கால் விளிம்புக்கு வராது, கால் தரையைத் தொடாது. கால் ஊன்ற முன்னால் நகர்ந்தால் முதுகுக்குப் பின்னால் ஓர் அரையடிப் பள்ளம். மடித்துத் தொங்கவிட்ட நடு பெர்த்தான் முதுகுப் பலகை. அது ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும், அடிமுதுகுக்கு வளைவே கிடையாது. இப்படி ஒரு பலகையில் மூன்று பேர். தீர்வு மலிவானது: தலையணையை ராத்திரி வரை தூக்கி வைக்காமல் முதுகுக்குப் பின்னால் உள்ள அந்தப் பள்ளத்தில் நெடுக்காகச் செருகுங்கள். ஏசி வகுப்பில் தலையணை கொடுத்துவிடுவார்கள். படுக்கை வகுப்பில் போர்வையை நாலாக மடித்து வைத்தால் அதே வேலை நடக்கும். ரெக்சின் வேர்க்கும், நம் ஊர் ஈரக்காற்றுக்கு அதன்மேல் ஒரு பருத்தித் துவர்த்தோ பழைய வேட்டியோ விரித்தே ஆக வேண்டும். ரெக்சினைப் போட்டது துடைத்துச் சுத்தம் செய்ய. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் முதுகுப் பக்கத்துக்காவது வரிவரியாகத் தையல் போட்ட, காற்றுப் போக இடமுள்ள உறை போட்டிருக்கலாம்.

நடு பெர்த் விதி எல்லோருக்கும் தெரிந்தும் எல்லோரும் சண்டை போடும் விதி. இரவு பத்து முதல் காலை ஆறு வரைதான் அதை விரித்து வைக்க உரிமை. முன்பு ஒன்பது முதல் இருந்ததை 2017 ஆகஸ்டில் பத்தாக மாற்றினார்கள். விரித்துவிட்டால் கீழ் பெர்த்தில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. ஆகவே ஒன்பது மணிக்குச் சாப்பாட்டை முடித்து, ஒன்பதரைக்கு ஆறு பேரும் பேசி ஒத்துக்கொண்டால் விரித்துவிடலாம். ஒருவர் வேண்டாம் என்றாலும் பத்து வரை பொறுக்க வேண்டும். முட்டிவலிக்காரருக்கு நடு, மேல் பெர்த் இரண்டும் ஆகாது. அறுபது வயதான ஆண்களும், நாற்பத்தைந்து வயதான பெண்களும் தனியாகவோ இருவராகவோ முன்பதிவு செய்தால் கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் கேட்கலாம். வீட்டில் ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டுவிட்டு 'பாட்டிக்குக் கீழ் பெர்த் கிடைக்கவில்லை' என்று வருத்தப்படுவதில் பயனில்லை. பாட்டிக்குத் தனி டிக்கெட் எடுங்கள்.

நடு பெர்த்தை மாட்டும்போது இரண்டு பக்கக் கொக்கியும் வளையத்துக்குள் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். பார்ப்பதற்கு மாட்டியது போலவே தெரியும். குலுக்கலில் பாதி இறங்கிய கொக்கி நழுவும். கீழே படுத்திருப்பவர் தலைமேல் அந்தப் பலகையின் முழு எடையும் விழும். மேல் பெர்த்தைத் தாங்கும் சங்கிலியும் அப்படியே. தளர்ந்தோ துருவேறியோ இருந்தால் பரிசோதகரிடமும் 139 எண்ணிலும் உடனே சொல்லுங்கள், மதுரை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பக்கவாட்டுக் கீழ் பெர்த், ஆர்.ஏ.சி. (முழு பெர்த் உறுதியாகாமல் உட்கார இடம் மட்டும்) என்று வந்தால் இரண்டு பேருக்கு ஒரு பலகை. இருவர் உட்காரும்போது நன்றாகவே இருக்கும்: முதுகுச் சாய்வு உண்டு, ஜன்னல் சொந்தம். நடைபாதையின் கொச்சுப் பிள்ளைகளும் காபிக்காரரும் முட்டியில் இடிப்பதைப் பொறுத்தால் பெட்டியிலேயே நல்ல பகல் இருக்கை அதுதான். சிக்கல் வருவது, பெர்த் உறுதியாகி ஒருவருக்கே கிடைக்கும்போது. இரண்டு முதுகுப் பலகையையும் கீழே மடக்கினால் நடுவில் ஒரு சந்து விழும், இரண்டு பலகையின் மட்டமும் ஒன்றாக இருக்காது. சரியாக இடுப்பெலும்பு அந்தச் சந்தில் உட்காரும். புதிய பெட்டிகளில் ஜன்னல் பக்கம் செங்குத்தாக ஒரு தனிப் பலகை சாத்தியிருக்கும். அதை இழுத்து மேலே சாய்த்தால் ஒரே மட்டமான மெத்தையாகும். பலருக்கு அது இருப்பதே தெரியாமல் சந்தின்மேல் படுத்து எழும்பூரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஆறடி ஆள் பக்கவாட்டு பெர்த் எதையும் எடுக்க வேண்டாம். இரண்டு முனையிலும் தடுப்பு, கால் நீட்ட வழியில்லை. எதிரெதிர் வரிசை பெர்த் என்றால் நடைபாதைப் பக்கம் காலை வெளியே நீட்டலாம், போகிறவர் வருகிறவர் இடிப்பார்கள், அவ்வளவுதான்.

3ஏசியில் குளிர் பற்றிய புகார் தீராத வழக்கு. பெட்டி முழுமைக்கும் ஒரே வெப்பநிலைதான். கூரைக் குழாயிலிருந்து வரும் காற்று முதலில் மேல் பெர்த்தைத் தாக்கும், கீழே வருவதற்குள் சூடேறிவிடும். ஏழு மணிக்கு, ஆள் நிறைய உட்கார்ந்து பேசிச் சாப்பிடும்போது கீழே புழுக்கம், 'ஏசி ஓடுதா?' என்ற கேள்வி. பணியாளர் குறைத்து வைப்பார். மூன்று மணிக்கு எல்லோரும் அசைவின்றிப் படுத்திருக்க, உடல் வெப்பம் குறைந்து, மேல் பெர்த்துக்காரர் பல் கிட்டிக்கொண்டிருப்பார். குறை இயந்திரத்தில் இல்லை. ஒரே அறையை இரண்டு விதமான கூட்டத்துக்குப் பயன்படுத்துவதில் இருக்கிறது. பத்து மணிக்கு விளக்கணைக்கும்போதே இரண்டு டிகிரி ஏற்றிவைக்கச் சொல்லுங்கள். பணியாளரும் தூங்கிய பிறகு தேடிப் பயனில்லை. மேல் பெர்த்தில் தலையைக் காற்று வாய்க்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். கம்பளியை மாதம் ஒருமுறை துவைப்பதாக நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. கொடுக்கும் இரண்டு விரிப்பில் ஒன்றை மெத்தைக்கும் மற்றதை உடலுக்கும் கம்பளிக்கும் இடையிலும் போடத்தான் அந்தக் கணக்கு.

3ஏசி எகானமி என்று தனியாக விற்பதைப் பற்றிச் சுருக்கமாக. 2021-ல் வந்தது. 72 பேர் இடத்தில் 83 என்று தொடங்கினார்கள். ஒவ்வொரு பெர்த்துக்கும் தனிக் காற்று வாய், தனி விளக்கு, தனி சார்ஜர் உண்டு. மேலே ஏறும் படியும் பழையதைவிட நல்லது. குளிர்ச் சண்டைக்கு இதுதான் சரியான மருந்து. விலை என்ன கொடுத்தார்கள் என்றால், எதிரெதிர் பெர்த்துகளுக்கு நடுவிலான இடைவெளியை. உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் முழங்கால் நம் முழங்காலில். பத்து மணிக்கு ஏறிப் படுத்து ஆறு மணிக்கு இறங்கும் பயணத்துக்கு இது 3ஏசியைவிட மேல். ஆறு மணிக்கே கிளம்பும் நம் வண்டிகளுக்குக் கீழ்.

2ஏசியில் நடு பெர்த் இல்லை. அந்த ஒரே காரணத்தால் மாலை ஆறு மணிப் பிரச்சினை அங்கே பாதியாகிவிடுகிறது: பலகைக்கு இரண்டு பேர், எந்த நேரமும் நிமிர்ந்து உட்காரலாம், திரையும் உண்டு. கைக்குழந்தையோடு போகும் பெண்களுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தகுந்தது என்றால் இதுதான்.

படுக்கை வகுப்பின் ஜன்னலுக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் மாவட்டம் இது. ஷட்டரை முழுதாக இறக்கினாலும் சட்டத்தின் அடிவழியாகத் தண்ணீர் கசிந்து கீழ் பெர்த் மெத்தையின் சுவரோரம் நனையும். ஒரு பழைய நாளிதழை நீளமாக மடித்து அந்தச் சந்தில் செருகினால் திருநெல்வேலி வரை தாங்கும். அதற்கப்பால் மழை பெரும்பாலும் விட்டுவிடும். ஷட்டரை உயர்த்தியதும் கொக்கி 'டக்' என்று விழுந்ததா என்று பாருங்கள். விழாத ஷட்டர் ஆரல்வாய்மொழிக் காற்றில் ஆடி, விளிம்பில் கைவைத்திருக்கும் பிள்ளையின் விரல்மேல் இறங்கும். பழைய பெட்டிகளின் சார்ஜர் துளையில் 110 வோல்ட் மின்சாரம்தான். சில வேக சார்ஜர்கள் அதில் மெதுவாக ஏற்றும், சில ஏற்றவே ஏற்றாது. தீப்பிடிக்கும் ஆபத்தைக் கருதி இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை சார்ஜர் இணைப்பை நிறுத்தி வைக்கவும் உத்தரவு உண்டு. அலைபேசியில் டிக்கெட் வைத்திருப்பவர் ஒன்பது மணிக்குள் சார்ஜ் போட்டுக்கொள்வது நல்லது.

மூன்று நாளுக்கு மேல், 4,100 கிலோமீட்டருக்கு அப்பால் ஓடும் கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸில் இந்தக் குறைகள் எல்லாம் மும்மடங்கு. அங்கே பெர்த் என்பது படுக்கை, சாப்பாட்டு மேசை, திண்ணை மூன்றும். ஒரே ஆலோசனை: மேல் பெர்த். பகலில் கீழே மூன்று பேர் நெருக்கிக்கொண்டிருக்கும்போது மேலே ஏறிக் கால் நீட்டலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். பகல் ராத்திரி எந்நேரமும் உங்களுக்கே சொந்தமான இடம் பெட்டியில் அது ஒன்றுதான். கழிப்பறை உயிரிக் கழிவுத் தொட்டி வகை. பிளாஸ்டிக் புட்டியும் நாப்கினும் உள்ளே போட்டால் வாய் அடைத்து, மறுநாளே அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. மூன்று நாள் பயணத்தில் அதை அனுபவிப்பது போட்டவரும்தான்.

ஆஸ்திரியாவின் நைட்ஜெட் இரவு ரயில் சேவை 2023 டிசம்பரில் விட்ட புதிய வண்டிகளில் தனியாளுக்கு என்று சின்னப் பெட்டி போன்ற அறைகள் வைத்தார்கள். உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளலாம். நம் கூட்டத்துக்கும் கட்டணத்துக்கும் அது ஒத்துவராது. நமக்கு நெருக்கமானது வந்தே பாரத் ஸ்லீப்பர். 16 பெட்டியில் 823 பெர்த்: 3ஏசி 11 பெட்டியில் 611, 2ஏசி நாலில் 188, முதல் வகுப்பு ஒன்றில் 24. 3ஏசிக்குச் சராசரி ஐம்பத்தைந்து சொச்சம், எல்.எச்.பி.யின் 72-ஐவிடக் குறைவு. அது நம் தண்டவாளத்துக்கு வரும் நாளில் விளக்கொளியையும் மெத்தை நிறத்தையும் படம் பிடிக்கப் பலர் இருப்பார்கள். கீழ் பெர்த்தில் மூன்று பேராக உட்கார்ந்து பாருங்கள்: முதுகை ஒட்டினால் கால் தரையில் பாவுகிறதா, மடித்த நடு பெர்த் கொஞ்சமாவது சாய்ந்து நிற்கிறதா, மேல் பெர்த்துக்காரர் படிக்கும் விளக்கு எதிரில் இருப்பவர் கண்ணில் அடிக்கிறதா, செருப்பு வைக்க இடம் எங்கே. அப்புறம் படியில் வெறுங்காலோடு ஒருமுறை ஏறி இறங்குங்கள். கம்பி உருண்டையாக இருந்தால் பாதம் வலிக்கும், தட்டையாக இருந்தால் வலிக்காது.